நாலு பக்கமுள்ள மேசை

கடதாசிச் சீட்டு விளையாட மேசை செய்கிறவன் முதலில் மெத்தையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும் என்பது மிஹ்லாரின் கட்சி. வெறும் பலகையில் கிடக்கும் கடதாசியை ஒற்றைக் கையால் எடுத்துப் பாருங்கள், நகம்தான் வழுக்கும். அதையே மெல்லிய ஃபோமின் மேல் போட்டு ஓர் ஓரத்தை விரலால் அழுத்தினால், அழுத்திய ஓரம் அமிழும், எதிர் ஓரம் தானாக எழும்பிக் கைக்கு வரும். ஃபோம் தடித்தாலும் கூடாது. முழங்கை புதையும், கடதாசி சறுக்காது.

கல்முனைக்குடியில் ஓட்டோக்களுக்கு இருக்கை உறையும் ஹூட்டும் தைக்கிற மிஹ்லாருக்கு ஃபோமைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒற்றைக் கையைப் பற்றி அவன் யோசிக்கத் தொடங்கியது, சகலன் நளீமுக்குப் பாரிசவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் விழுந்த பிறகுதான்.

மிஹ்லாரின் மனைவி நதீராவும் நளீமின் மனைவி அஸீஸாவும் உடன்பிறந்தவர்கள். ஒரே வளவில் வாப்பா கட்டிக்கொடுத்த இரண்டு வீடுகள். நடுவில் கொய்யா மரம் மட்டும், மதில் இல்லை. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நாலு பேரும் முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். ஆண்கள் ஒரு கட்சி, பெண்கள் ஒரு கட்சி. காசு கிடையாது. தோற்ற கட்சி, அடுத்த ஆட்டம் முடியும்வரை காதில் உடுப்புக் கிளிப்பை மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். லொறியில் கொழும்புக்கு அரிசி ஏற்றும் நளீம், ஒரு நாள் மறந்துபோய்க் காதில் கிளிப்போடு மஃரிபுக்குப் பள்ளிவாசல் வாசல்வரை போய்விட்டார்.

அந்த ஆட்டத்தில் ராஜாவைவிட ஜாக்கி பெரியவன். ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஆஸுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் எழுபத்தாறு, நாலு இனத்துக்கும் சேர்த்தால் முந்நூற்றிநாலு. ஆளுக்கு எட்டுக் கடதாசி. ஒரு கட்சிக்காரர் எதிரெதிரே இருக்க வேண்டும். அதனால் நளீமுக்கு எதிரில் மிஹ்லார், வலப்பக்கம் நதீரா, இடப்பக்கம் அஸீஸா. கலியாணம் முடித்த காலத்திலிருந்து அந்த இடங்கள் மாறியதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நளீமுக்குப் பேச்சில் குறையில்லை, வலக்கையில் குறையில்லை. ஆனால் அஸீஸாவின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அவள் காலையும் மாலையும் அவருடைய விழுந்த கைப்பக்கம் இருந்து எண்ணெய் தேய்த்துவிடுவாள். அவர் மறுபக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் முகத்தை இன்னும் அங்கால திருப்பிக்கொள்வார்.

"சோத்துல பாதிய ஒதுக்கி வெச்சிர்றார்," என்று அஸீஸா தங்கையிடம் அழுதாள். "ஆக்கினது நானெண்டுதான். அண்டைக்குக் காலையில கை விறைக்கிது எண்டார். மடிச்சிப் படுத்திருப்பீங்க, எழும்பி நடங்க, சரியாப் போயிரும் எண்டு நாந்தானே சொன்னன். உடனே கொண்டுபோயிரிந்தா கை தப்பியிரிக்கும். அத மனசில வெச்சிரிக்கார். மௌத்தாகும்வரைக்கும் என்னப் பாக்கமாட்டார்."

"ஆட்டத்துல இருந்தா காக்காக்குக் கோவம் நிக்காது," என்றான், நளீமை அண்ணன் முறையில் காக்கா என்றும் அஸீஸாவை அக்கா முறையில் ராத்தா என்றும் அழைக்கும் மிஹ்லார். "முறை வந்தா ராத்தாட முகத்தப் பாத்துத்தானே ஆகணும்?"

அப்படித்தான் மேசை வேலை தொடங்கியது. சதுரப் பலகை, மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டு நூலும் ஒரே நீளமா என்று பார்த்தான். ஒன்று நீண்டால் மேசை கோணல். மேலே ஃபோம், அதன் மேல் மருதமுனையில் வாங்கிய கரும்பச்சைக் கைத்தறித் துணி. துணியை மூலையிலிருந்து இழுத்தால் சுருக்கம் விழும். ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு பின், எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஒரு பின் என்று மாறி மாறி அடித்துக்கொண்டு மூலைக்குக் கடைசியாக வர வேண்டும். சுற்றிவர ரெக்ஸின் சட்டம். நளீம் இருக்கும் பக்கத்துச் சட்டத்தை மட்டும் மரமாகவே விட்டு, அதில் நீளத்துக்கு ஒரு தவாளிப்பு வெட்டினான். கடதாசியை அதில் குத்தி நிறுத்தலாம். எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் நளீமின் பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கும். எட்டுக் கடதாசியும் ஒன்றை ஒன்று மறைக்காமல் வரிசையாக நிற்க இடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை நளீமைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து இருத்தினார்கள். ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நரைமயிரோடும் இருந்தது. மழித்துவிட அவர் யாரையும் விடுவதில்லை.

"இதென்னடா, மேசையில வாய்க்கால் வெட்டி வெச்சிரிக்காய்?"

"கடதாசி நிக்கிற வாய்க்கால் காக்கா. உங்கட கை சும்மா இருந்தாப் போதும்."

"அப்ப நதீரா, காதக் கழுவிற்று வா. இண்டைக்குக் கிளிப் உங்களுக்குத்தான்."

"மச்சான்ட வாயில மட்டும் ஒரு நோயுமில்ல," என்றாள் நதீரா.

அஸீஸாவும் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. அவள்தான் கடதாசி பிரித்தாள். நளீமின் எட்டையும் மிஹ்லார் பார்க்காமலே வரிசையாக நிறுத்திவிட்டான்.

நதீரா, மற்ற இனங்களை வெட்டும் துரும்பைக் கவிழ்த்து வைத்தாள். முதல் இறக்கம் ஆட்டின், அதாவது இதய இனம்; கையில் இருந்தால் அதையேதான் போட வேண்டும். நளீம் கறுப்பொன்றைப் போட்டார்.

"ஆட்டின் இல்லையா மச்சான்?" என்று கேட்டாள் நதீரா.

"ஒண்டுகூட இல்ல."

கட்சிக்கு விழுந்த கடதாசிகளை நளீம் பொறுக்கும்போது, விரல் ஓரத்தை அழுத்துவதும், கடதாசி எழும்புவதும், கை பிடிப்பதும் நினைத்தபடியே நடந்தன. தன் மேசை வேலைசெய்யும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்ததால், தவாளிப்பில் கடதாசி ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே குறைவதை மிஹ்லார் கவனிக்கவில்லை. நாலு சுற்று முடிந்ததும் நளீம் நிமிர்ந்தார்.

"என்ட கடதாசி முடிஞ்சி."

"பகிடி விடாதீங்க காக்கா. இன்னும் நாலு நிக்கிது."

"எங்க நிக்கிது?"

அவருடைய வலக்கை தவாளிப்பைத் தடவிக்கொண்டே வந்தது. நடுவுக்கு வந்து, அதற்கப்பால் மேசையே இல்லை என்பதுபோல் நின்றது. நாலு கடதாசியும் அவருக்கு இடப்பக்கம் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஆட்டின் ராணியும் அதில் இருந்தாள்.

"பிரிச்சதுதான் பிழை," என்றார் நளீம். "அது போகட்டும். அஸீஸா எங்க? அவ வராம எப்படி ஆட்டத்தத் தொடங்கின நீங்க?"

நதீரா சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"அவ வரமாட்டா," நளீமின் குரல் இறங்கியது. "நான் வந்த நாளையில இருந்து ஒரு நாள் கிட்ட வந்திரிப்பாளா? அங்கால எங்கயோ நிண்டு கதைப்பா, சத்தம் மட்டும் கேக்கும். ஆளக் காணல்ல. கை விழுந்த மனிசனப் பாக்க ஆருக்குத்தான் விருப்பம்?"

நீட்டினால் தொடுகிற தூரத்தில், கையில் கடதாசியோடு அஸீஸா அசையாமல் இருந்தாள்.

பாதிச் சோறு. பாதிக் கன்னம். இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பும் முகம். பலகைத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதுபோல் எல்லாம் மிஹ்லாருக்குள் வந்து பொருந்தின. கண்ணில் பழுதில்லை, மூளைதான் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டது என்று கிளினிக்கில் டொக்டர் விளங்கப்படுத்தியது பிறகுதான். அப்போது அவனுக்குத் தெரிந்தது ஒன்றே: எண்ணெய் தேய்க்க வேண்டிய கை இடக்கை என்பதால், அஸீஸா இத்தனை மாதமும் அவருக்கு இல்லாத பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

அஸீஸா எழும்பினாள். கதிரைக்குப் பின்னால் சுற்றி வலப்பக்கம் வந்தாள். நதீரா தன் கடதாசிகளோடு எழும்பி, இடப்பக்கத்துக் கதிரைக்குப் போனாள்.

நளீம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எப்ப வந்த?"

அஸீஸா, நதீரா விட்டுப்போன கதிரையில் இருந்துகொண்டாள்.

"இப்பதான்."

"மெலிஞ்சிட்டாய்." அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோனார். "எண்ணெய் மணக்கிது. ஆருக்குத் தேய்ச்சாய்?"

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இருக்கட்டும், வந்தியே. கோவமில்லத்தானே?"

"எனக்கென்ன கோவம்? உங்களுக்குத்தான்..."

"எனக்கா? உன்னில எனக்கு எதுக்கு?" என்று சிரித்தார் நளீம். மேசையைச் சுற்றிப் பார்த்தார். "அங்க பார், இப்ப நதீராவக் காணல்ல. இவ்வளவு நேரமும் இதுல இருந்தாளே!"

மிஹ்லார் வாயைத் திறந்தான். அஸீஸா அவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள்.

"தேத்தண்ணி ஊத்தப் போயிட்டா," என்றாள்.

இடப்பக்கத்தில் இருந்த நதீரா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். மூன்று பக்கத்தில் மேசை செய்ய மிஹ்லாருக்குத் தெரியும். பலகையை மூலைக்கு மூலை அறுத்தால் போதும். ஆனால் இந்த ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். அந்தப் பக்கத்தில் எப்போதும் யாராவது ஒருவர் இருந்துதான் ஆக வேண்டும்.

"போடுங்க, போடுங்க," என்றார் நளீம், மனைவியின் கையை விடாமல். "ஆர்ட முறை?"

முறை நதீராவுடையது. அவள் கண்ணைத் துடைத்து, ஒரு கடதாசியை எடுத்து, அவர் காணக்கூடிய பக்கம்வரை தள்ளிவிட்டாள். பச்சைத் துணியின் மேல் அது நன்றாகவே சறுக்கிப் போனது.