மலர்விழியிடம் கேட்ட கேள்வி

அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருக்க, போனைப் புளி டப்பாவின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, ஜோஸ்பின், அடுத்தவர் வாழ்க்கைச் சிக்கல்களைப் பேசித் தெளியவைக்கும் லைஃப் கோச் ஆவதற்கான ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். பொம்மிடியில் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை இதற்காகத்தான் தலைமுழுகினாள். இருக்கிற வேலையும் போகும், வருமானமும் நிச்சயமில்லை என்று வீட்டில் தலைபாடாய் அடித்துக்கொண்டார்கள். அதையெல்லாம் யோசித்துத்தான் சேர்ந்தாள் மகராசி. படித்ததைப் பழகிப் பார்ப்பது யார் தலையில் விடியும் என்பதை மட்டும் யோசிக்கவேயில்லை.

விடிந்தது பக்கத்து வீட்டு மலர்விழியின் தலையில். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனைப் பற்றிப் போன வாரம் அவள் அழுதபோது, ஜோஸ்பின் ஆறுதலும் சொல்லவில்லை, வழியும் சொல்லவில்லை. கோச் தீர்வு சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும் என்பது பயிற்சி நடத்தும் குரு சாரின் பாடம். அதனால் சிரித்த முகம் மாறாமல், இதில் நீ உன்னிடம் எதை மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டாள். அடி வாங்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

அந்த மலர்விழி இப்போது கையில் மாவுக்கட்டோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னைய மாத்திக்கிட்டு, எதுத்தே பேசாம இருந்தேங்க்கா. அப்பவும் அடிச்சிட்டாரு. இன்னும் எத மாத்திக்கணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் குத்திக்காட்டவில்லை, மெய்யாகவே கேட்டாள்.

வகுப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஜோஸ்பின் மைக்கைப் போட்டு நடந்ததைச் சொன்னாள். குரு சார் அசரவே இல்லை. உணர்ச்சிவசப்படாதீர்கள், அந்தப் பெண்ணை மாவுக்கட்டோடு பேசவைத்து ஒரு வீடியோ எடுங்கள், வலியிலிருந்து மீண்ட கதை என்று போட்டால் ஆட்கள் தேடி வருவார்கள் என்றார். கூடப் படிக்கிறவர்கள் திரையில் கைதட்டல் பொம்மைகளை அனுப்பினார்கள். ஜோஸ்பினுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாதிக் கோபம் தன்மேலேயேதான்.

"கை ஒடஞ்சு நிக்கிறா சார், வீடியோ கேக்கறீங்க. அவளுக்கு அன்னிக்கே போலீசு வேண்டியிருந்திச்சு. எந்தப் பிரச்சினைக்குக் கேள்வி கேக்கலாம், எது உசுருக்கு ஆபத்துன்னு பிரிச்சுப் பாக்கச் சொல்லித் தராம, எதுக்குங்க எங்கள ஊருக்குள்ள அவுத்து வுட்டீங்க? தெரியாத வேலைய அடுத்தவங்க வாழ்க்கைல பழகிப் பாக்கறது பாவம். அந்தப் பாவத்த நானும் செஞ்சிட்டேன்."

பதிலுக்குக் காத்திராமல் போனை அணைத்தாள். அடுப்பையும் அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். போலீஸ் ஸ்டேஷனுக்கா, அவருக்குத் தெரிந்தால் வீட்டில் சேர்க்கமாட்டாரே என்று மலர்விழி பின்வாங்கினாள்.

"சேக்கலன்னா எங்க வூட்டுல இரு. நான் கேட்ட கேள்வியே தப்பு மலரு. மாறவேண்டியது அடிக்கிறவன்தான், அடி வாங்குறவ இல்ல. வா."