எள்ளும் கைத்தகடும்

எங்கள் குப்பத்தில் எதற்கும் யாரும் ஒரே மனதாகத் தலையாட்ட மாட்டார்கள். ஒரு கூடை இறாலுக்கு விலை பேசவே பொழுது போய்விடும். ஆனால் என் வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன் செத்துவிட்டார் என்பதில் மட்டும் ஊருக்கே ஒரே வாய். புயலடித்த வருஷம் பழவேற்காட்டிலிருந்து மூன்று பேர் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போனார்கள். இரண்டு பேரின் உடல்களைக் கடல் திருப்பிக் கொடுத்தது. அவரை மட்டும் கொடுக்கவில்லை.

"இன்னும் எத்தினி நாளைக்கு அங்காளம்மா? திருவள்ளூர் கொளத்துல எள்ளுத்தண்ணி ஊத்திட்டு வந்துடுங்க" என்று பஞ்சாயத்தார் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். ஊற்றிவிட்டு வந்ததும் என் பொட்டையும் தாலியையும் எடுத்துவிடுவார்கள். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவு நாகரிகம்!

அறுபத்தொன்பதாம் வருஷத் தை அமாவாசைக்கு என் கொழுந்தன் துலுக்காணம் என்னை அழைத்துக்கொண்டு போனான். கோயில் குளத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. ஒருபக்கம் வியாதி கரைய வேண்டுமென்று தண்ணீரில் வெல்லம் கரைத்தார்கள். இன்னொரு பக்கம் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். அவன் எள் பொட்டலத்தோடு ஐயரைத் தேடிப் போனான். நான் ஒரு கடை முன்னால் நின்றுவிட்டேன்.

வெள்ளைத் தகட்டில் கண், கால், மார்பு என்று உடம்பைத் துண்டு துண்டாகப் பரப்பியிருந்தாள் கடைக்காரி.

"எங்கம்மா வலி? அந்த உருவத்த வாங்கி உண்டியல்ல போடு. பெருமாள் பாத்துக்குவாரு."

"எனக்கில்ல, எங்க ஊட்டுக்காரருக்கு. வலை இழுத்து இழுத்து வலது தோள்பட்ட வலிக்கும்."

"தோளுக்குத் தனியா கெடையாது. கையா வாங்கிக்கோ."

வாங்கினேன். வெயிலில் கிடந்த தகடு கதகதவென்று இருந்தது. அவர் கையே கிடைத்த மாதிரி அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

துலுக்காணம் திரும்பி வந்து பார்த்துவிட்டான்.

"இன்னா அண்ணி இது? உசுரோட கீறவங்களுக்குத்தான் இத்த போடுவாங்க."

"அவரு உசுரோட இல்லன்னு நீ பாத்தியா?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பொட்டு என்றால் புருஷன் இருக்கிறான், எள் என்றால் இல்லை. எல்லாவற்றுக்கும் ஓர் அடையாளம் வைத்த பெரியவர்கள், இருக்கிறானா போய்விட்டானா என்று தெரியாதவனுக்கு ஒன்றும் வைக்கவில்லையே! வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்து நிற்கிறேன். இவர்களுக்கு என்ன தெரியும்?

"நான் உண்டியல்ல போடப்போறேன். எள்ள நீ வாரி எறி" என்றேன்.

"அண்ணி, அண்ணன் செத்துட்டாருன்னு சொல்ல எனுக்கு மட்டும் ஆசையா?" என்றான் அவன். "எள்ளுத்தண்ணிதான் செத்தவங்களுக்குக் குடிக்கிற தண்ணி. அண்ணன் நெசமாவே போயிருந்தா? இத்தினி வருசமா சுத்தியும் உப்புத்தண்ணி. ஒரு வாய் குடிக்க முடியாம தவிச்சிக்கினு இருந்தா? அத நெனச்சா எனுக்குத் தூக்கமே வரல."

அதை நான் நினைத்ததே இல்லை. அவர் வருவாரா என்று மட்டுமே நினைத்திருக்கிறேன். கரையேறியதும் மீனைக்கூடப் பார்க்காமல் முதலில் சொம்பைத்தான் கேட்பார். நின்றபடியே குடிப்பார், பாதி கழுத்து வழியாக ஓடும். அந்தத் தொண்டையை நானா காய வைத்திருக்கிறேன்?

தகட்டை மடியில் செருகிக்கொண்டேன். "போய் ஊத்து" என்றேன்.

நான் மேல்படியில் நின்றேன். ஐயர் பேர் கேட்டார், துலுக்காணம் சொன்னான். எள்ளை நனைத்துக்கொண்டு அவன் கைவழியே தண்ணீர் இறங்கியது. நூலாகத்தான் இறங்கியது. மூன்று தரம் விட்டதும் ஐயர், "ஆச்சு, எழுந்துக்கோ" என்றார்.

அவன் எழப்போனான். கூட்டத்தை இடித்துக்கொண்டு கீழே ஓடினேன். அவன் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன்.

"எழுந்துக்காத துலுக்காணம். இன்னும் ஊத்து. அவுருக்கு இது பத்தாது."