முயல்களுக்கு ஒரு கூரை

முயல் வளர்ப்பது எங்கள் குடும்பத்து வழக்கம் இல்லை. மேலறையில் வாடகைக்கு இருந்த பிரசாந்தினி என்ற பிள்ளை வேலை மாறி மான்செஸ்டருக்குப் போகும்போது, "ஒரு கிழமைக்கு வைச்சிருங்கோ அன்ரி" என்று என் தங்கை சுவர்ணாவிடம் இரண்டு முயல்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த ஏழு நாள் இன்னும் முடியவில்லை. வெள்ளைக்குப் பருத்தி என்றும் புள்ளி போட்டதற்கு மிளகு என்றும் சுவர்ணா பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்ததை யாரும் வெளியே விடமாட்டார்கள்.

சுவர்ணாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. புருஷன் இறந்த பிறகு என் வீட்டில், என் பொறுப்பில் இருக்கிறாள். நான் யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் தலைமை லிகிதராக இருந்தவன். இங்கே கோலியர்ஸ் வுட்டில் பெற்றோல் நிலையத்துக் காசாளராக நின்ற காலத்திலும் சப்பாத்துக்குப் பொலிஷ் போடாமல் வேலைக்குப் போனதில்லை. இந்த இராசரத்தினம் வீட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல நான் விட்டதில்லை.

ஒக்டோபர் கடைசியில் குளிர் இறங்கியதும் சுவர்ணா சாப்பாட்டு மேசையில் கதையைத் தொடங்கினாள்.

"அண்ணை, முயல் கூடு வெளியில இருக்க ஏலாது. குளிரை அதுகள் தாங்கும். ஈரத்தையும் காத்தையும் தாங்காது."

"அதுக்கு?"

"கிறீன்ஹவுசைப் பெருப்பிக்கோணும்."

செடி வைக்கிற எங்கள் கண்ணாடிக் கிறீன்ஹவுசில் ஓர் ஆள் நின்று திரும்பினால் தோள் முட்டும். உள்ளே என் கறிவேப்பிலைச் சாடிகள் இருக்கின்றன. கோயில் சமையலுக்கு இலை கொடுக்கிற அளவுக்கு அவற்றை வளர்த்து வைத்திருக்கிறேன். முயலை அதற்குள் விட்டால் இலை மிஞ்சுமா? சுவர்ணாவிடம் அதற்கும் பதில் இருந்தது. பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னோர் அறை இழுப்பது, நடுவில் கம்பிவலை அடிப்பது. செடிக்குச் சூடு வேண்டும், முயலுக்குக் காற்று வேண்டும். வெயில் எறித்தால் பெப்ரவரியிலும் கண்ணாடிக்குள் வெக்கை ஏறும், அது முயலுக்கு ஆகாது. ஆகவே முயல் பக்கத்துக்குத் திறந்து மூடுகிற ஒரு ஜன்னல், மேலே பிளாஸ்டிக் தகட்டுக் கூரை.

"முயல் புழுக்கை உங்கட கறிவேப்பிலைக்கு நல்ல பசளையாம்."

"அப்ப உன்ர அண்ணைக்குச் சம்மதம்," என்று என் மனைவி சிவமலர் எனக்காகச் சொன்னாள்.

"இவ்வளவும் எங்க படிச்சனி?" என்று கேட்டேன்.

"பின் வீட்டுக்காரர் சொன்னவர்."

பின் வீட்டுக்காரர் வாசுதேவன். திருச்சிப் பக்கத்து ஆள். ரயில் பாலங்கள் கட்டும் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். செப்டெம்பர் மாதக் காற்றில் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த வேலிப் பலகைகள் விழுந்து கிடந்தன. அவரும் நிமிர்த்தவில்லை, நாங்களும் நிமிர்த்தவில்லை. அந்த இடைவெளியால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ட்ரில்லோடு வந்தார். பக்கத்து ஊரான சட்டனில் யாரோ கழற்றி எறிந்த தகடுகளைத் தன் காரில் கொண்டுவந்தார். முயல் தோண்டிக்கொண்டு வெளியே போகாமல் நிலத்துக்கடியிலும் வலை விரித்தார். சுவர்ணா அளவு பிடித்தாள், அவர் அறுத்தார். அவர் எதையோ சொல்ல, அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டுப் பல வருடம்.

டிசம்பரில் ஒரு நாள் டூட்டிங்கில் எங்கள் ஊர்க் குகதாசனின் பலசரக்குக் கடைக்குப் போனேன்.

"அண்ணை, உங்கட பின்வளவில மாளிகை எழும்புதாம்?" என்றான் கல்லாவில் இருந்தபடி.

"முயல் கூடு."

"முயல் கூட்டுக்கு இந்தியாவில இருந்து மேசனோ? அதுவும் வேலியால வாற மேசன்!"

கடையில் நின்ற இரண்டு பேர் பருப்புப் பைகளில் எழுதியிருந்ததை மிகக் கவனமாக வாசித்தார்கள். நான் எடுத்த முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து நேரே பின்வளவுக்குப் போனேன். சுவர்ணா மரச்சட்டத்தில் கம்பிவலையை அடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனிசனை நீ என்னெண்டு கூப்பிடுறனி?"

"கூப்பிடுறேல்லை. கிட்டத்தானே நிக்கிறார்."

"இனி அண்ணை எண்டு கூப்பிடு. நாலு பேருக்குக் கேக்கக் கூப்பிடு. கதை அதோட முடிஞ்சுது."

எங்கள் ஆட்களிடம் இது பழைய மருந்து. ஒரு பெண் ஓர் ஆணை அண்ணை என்று சொல்லிவிட்டால் ஊர் வாய் மூடும். நான் சொல்வது சுவர்ணாவுக்கு நன்றாக விளங்கியது. சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"ஏலாது."

"என்ன ஏலாது?"

"அப்பிடி ஒருக்காக் கூப்பிட்டால் பிறகு ஆயுசுக்கும் அண்ணைதான். எனக்கு ஒரு அண்ணை இருக்கிறார். அது போதும்."

"உனக்கு என்ன வயசு தெரியுமோ?"

"உங்களைவிடப் பதினொண்டு குறைவு."

 விழுந்து கிடந்த பலகை ஓரம் போய் வாசுதேவனைக் கூப்பிட்டேன். "இனி நீங்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம். மிச்ச வேலையை நாங்கள் பாப்பம்," என்றேன். அவர் ஒரு காரணமும் கேட்கவில்லை. என் தோளுக்கு மேலால் ஒருமுறை பார்த்தார். "சரிங்க சார்," என்றார்.

கூரை பாதியில் நின்றது. சுவர்ணா என்னோடு சண்டை பிடிக்கவில்லை. சாப்பாடு போட்டாள், மருந்து எடுத்துத் தந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான். தனியாகவே ஒவ்வொரு தகடாகப் பூட்டினாள். முயல்களின் தண்ணீர்ப் போத்தல் உறையாமல் என் பழைய காலுறையைச் சுற்றிவிட்டாள். வைக்கோலை அள்ளி அள்ளிப் போட்டாள். ஆனாலும் பருத்தி கூட்டின் மூலையில் காதை ஒடுக்கிக்கொண்டு, புல்லையும் தொடாமல் இருக்கத் தொடங்கியது.

"இந்த வீட்டில இப்ப ரீவியில மட்டும்தான் ஆக்கள் சிரிக்கினம்," என்றாள் சிவமலர்.

ஜனவரி நடுவில் ஒரு சனிக்கிழமை, அன்றிரவு பனி கொட்டும், பிறகு ஒரு கிழமைக்குக் கடும் உறைபனி என்று ரீவியில் சொன்னார்கள். கடைசித் தகடு ஒன்று பாக்கி. எல்லாவற்றிலும் பெரியது. காலையிலேயே காற்றுத் தொடங்கிவிட்டது. சுவர்ணா ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறு முனையைப் பிடித்தேன். தகடு எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு ரோசாச் செடிக்குள் போனது.

நிமிர்ந்து பார்த்தேன். வேலி விழுந்த இடத்தில், தன் பக்கத்தில், வாசுதேவன் நின்றார். கையில் ட்ரில் இருந்தது. ஓர் அடி வைத்தால் எங்கள் வளவு. தடுக்கப் பலகை இல்லை, பார்க்க ஊர் இல்லை. அவர் அந்த அடியை வைக்கவில்லை.

"காத்துக்கு முதுகக் குடுத்துப் பிடிங்க சார்!" என்று அங்கிருந்தே கத்தினார். "இன்னும் கொஞ்சம் எடது பக்கம்!"

அவர் சொன்னபடி பிடித்தோம். தகடு அடங்கியது. ஆனால் பிடித்த கையால் திருகாணி பூட்ட முடியாதே. ஐந்து நிமிடம் அப்படியே நின்றோம். அந்த ஐந்து நிமிடமும் அவர் தன் நிலத்திலேயே நின்றார். ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு அப்படி நிற்க எல்லாராலும் ஏலாது. என் தகப்பன் நின்றிருப்பார். நான் நின்றிருப்பேன்.

"தகட்டைக் கீழ வைச்சு அதுக்கு மேல இரு," என்று சுவர்ணாவிடம் சொன்னேன்.

"இருந்து?"

"எழும்பாமல் இரு."

உள்ளே போய்க் கோட்டைப் போட்டேன். சப்பாத்தைத் துடைத்தேன். சிவமலர் சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"அவளைக் குளிருக்குள்ள விட்டிட்டு எங்க வெளிக்கிடுறியள்?"

"பின் வீட்டுக்கு."

"பின் வீட்டுக்கு ஏன் றோட்டால போறியள்?"

"எங்கட வீட்டுப் பொம்பிளையின்ர கதையை வேலியால கதைக்க ஏலாது."

அவள் என் கோட்டுக் கழுத்தை நேராக்கிவிட்டாள். தெருவைச் சுற்றிப் போய் வாசுதேவன் வீட்டு மணியை அடித்தேன். அவர் பின்வளவில் இருந்து ஓடி வந்து கதவைத் திறந்தார், ட்ரில் இன்னும் கையில்.

"சார்! பின்னாடி நின்னு கூப்பிட்டிருந்தாலே வந்திருப்பேனே."

"சுவர்ணா உங்களை அண்ணை எண்டு கூப்பிடமாட்டாளாம்."

அவர் முகம் சிவந்தது. ட்ரில்லைப் பார்த்தார்.

"நானும் அவங்கள தங்கச்சின்னு கூப்பிட மாட்டேன் சார். என்னால முடியாது."

"அப்ப முறையாக் கேளுங்கோ. உங்கட பக்கத்தில பெரியாக்கள் ஆரும் இருக்கினமோ?"

"சவுத்தால்ல சித்தி இருக்காங்க. எண்பத்தி ரெண்டு வயசு."

"அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இண்டைக்குச் சனி, நல்ல கதைக்கு ஆகாது. புதன்கிழமை வாங்கோ."

"அவங்க சம்மதிப்பாங்களா சார்?"

"அதை அவளிட்டயே கேப்பம். கெதியா வாங்கோ, தகட்டுக்கு மேல இருக்கிறாள். எழும்பினால் தகடு போயிடும்."

நீங்கள் என்ன ஆட்கள், என்ன சாதி என்று கேட்க வாய்வரை வந்தது. அதற்குள் அவர் ஓர் ஏணியை எடுத்து அதன் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். கேட்கவில்லை. நான் முன்னாலும் அவர் பின்னாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு தெரு வழியே நடந்தோம். எதிர்வீட்டுத் திரை விலகியது. விலகட்டும். எங்கள் வாசலில் இருவரும் சப்பாத்தைக் கழற்றினோம். ஏணி சாமியறைக் கதவில் உரசியது. சிவமலர் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

சுவர்ணா தகட்டின் நடுவில், கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தாள். எங்கள் சமையலறைக் கதவால் அவர் வருவதைப் பார்த்ததும் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"புதன்கிழமை தன்ர சித்தியோட வந்து கேக்கிறதுக்கு நிக்கிறார்," என்றேன். "நீ என்ன சொல்லுறாய்? வரட்டோ?"

அவளிடம் நான் எதையும் அப்படிக் கேட்டது கிடையாது. முதல் கலியாணத்தின்போது கேட்க வேண்டும் என்றுகூட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சுவர்ணா என்னைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை, ஆனால் கேள்வி அவருக்குத்தான்.

"சித்திக்கு உறைப்பு ஆகுமோ?"

"காரமா? நல்லா சாப்பிடுவாங்க," என்றார் வாசுதேவன்.

"அப்ப சரி," என்று சொல்லி அவள் எழுந்தாள்.

தகடு உடனே கிளம்பியது. நாங்கள் மூன்று பேரும் பாய்ந்து பிடித்தோம்.