ஏ-போர்ட்டியின் ஹெட்

"அந்த ஹெட்டை என்னட்டைத் தா, அண்ணை."

அருந்ததி கையை நீட்டியபடி நின்றாள். பந்தலுக்குள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். விடிந்ததிலிருந்து அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டாள்: "காரைப் பற்றி மட்டும் அவனட்டைக் கேட்டிடாதை பிள்ளை. கொள்ளி வைக்கிறவன். கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டிட்டான் எண்டால் ஐயாவை ஆர் எரிக்கிறது?"

கொள்ளி வைக்கிறவன். தகப்பன் அப்புத்துரை நேற்று மத்தியானம் செத்ததிலிருந்து இந்தச் சொல்லை வைத்தே அண்ணன் தவராசா வீட்டை ஆண்டுகொண்டிருந்தான். தேத்தண்ணிக்குச் சீனி காணாதென்றால் கொள்ளி வைக்கிறவன். உட்காரக் கதிரை வேண்டுமென்றால் கொள்ளி வைக்கிறவன். அந்தக் கதிரையின் கீழேதான் சாக்கில் சுற்றிய ஹெட் கிடந்தது.

உருத்திரபுரம் பத்தாம் வாய்க்கால் குடியிருப்பில் இருந்த ஒரே கார் ஐயா வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடிய ஏ-போர்ட்டி. பத்து நாளாக அது எஞ்சினின் மேல்மூடி இல்லாமல் சந்தியில் மெக்கானிக் கிறகோரியின் கொட்டிலில் நிற்கிறது. அந்த மூடிதான் ஹெட். அதன் அடியை லேத்தில் சீவினால் அமுக்கம் கூடும், வேகம் கூடும், ரேஸ் ஓடலாம் என்று தவராசாதான் கழற்றுவித்தான். கொள்ளி வைத்தவன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை ஊர் சுற்றக்கூடாதாம். அதனால் அவனுக்குப் பதிலாக இன்றைக்கே, இரண்டு மணி பஸ்ஸில், கிறகோரி அதை யாழ்ப்பாணத்து லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சீவிய இரும்பைத் திருப்பி ஒட்ட முடியாது.

"என்னத்துக்கு?" என்றான் தவராசா.

"திருப்பிப் பூட்ட."

"விசரே உனக்கு? ஐயாவை நினைச்சுத்தான் செய்யிறன். வேகமான கார் இருந்திருந்தால் நேற்று நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாத இடம். நேற்று நெஞ்சைப் பொத்திக்கொண்டு சரிந்த மனிதனை ட்ரக்டர்ப் பெட்டியில் வைக்கோலைப் பரப்பித்தான் ஏற்றினார்கள். கிளிநொச்சி வருமுன்னே, வாய்க்கால் கட்டின் ஏதோ ஒரு பள்ளத்தில் பெட்டி தூக்கிப் போட்டபோது, அவள் மடியில் அந்தத் தலை சும்மா ஆடத் தொடங்கியது.

"வேகமான கார் தேவையில்லை. ஓடுற கார் காணும்."

தாய்மாமன் பரமலிங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பிள்ளை, இது ஆம்பிளையளின்ரை கதை. உள்ளை போ. அங்கை எல்லாரும் அழுகினம்."

"நான் பிறகு அழுறன், மாமா."

"கொழும்பிலை பி.எஸ்சியோடை வாயும் சேத்தே குடுக்கிறவங்கள்?"

"வாய் இங்கையிருந்து கொண்டுபோனது, மாமா."

பந்தலில் யாரோ இருமினார்கள். அவள் கிறகோரியிடம் திரும்பினாள். முல்லைத்தீவுக் கரையில் வள்ளங்களுக்கு எஞ்சின் பூட்டிப் பழகிய மனிதன். செத்தவீட்டுக்கென்று வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கிறகோரி அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. இவ்வளவு வேலை செய்ய அந்த எஞ்சின் பெறுமோ?"

"செத்தவீட்டிலை ஏன் பிள்ளை உந்தக் கதை..."

"மாதாவாணையாச் சொல்லுங்கோ."

அவர் தவராசாவைப் பார்க்காமல் தன் விரல்களைப் பார்த்துச் சொன்னார். "சிலிண்டரை ரெண்டு தரம் கடைஞ்சு போர் அடிச்சாச்சு. சுவர் மெல்லிசு. கீழை பெயரிங்கும் தட்டுது. ரேஸ் ஓடலாம்." கொஞ்சம் யோசித்தார். "ஒருக்கா ஓடலாம்."

"பிறகு?"

"பிறகு கோழி அடைக்கலாம்."

"இதை ஏன் அண்ணைக்குச் சொல்லேல்லை?"

"தம்பி கேக்கேல்லையே. எப்ப முடியும் எண்டுதான் கேட்டவர்."

தவராசாவின் முகம் கறுத்தது. அருந்ததி விடவில்லை. "இன்னும் கேள். ஐயா பெற்றோலோடை மண்ணெண்ணெய் கலந்துதான் ஓடினவர். ஏறின எல்லாருக்கும் மணந்தது, ஒருத்தரும் சொல்லேல்லை. ஹெட்டைச் சீவினால் அந்தக் கலவை சரிவராது, எஞ்சின் இடிச்சு பிஸ்டன் உருகும். அம்மாவுக்கு இழுப்பு வாற நாளிலை எதிலை ஏத்துவாய்? திரும்பவும் ட்ரக்டரிலையோ?"

"கிடக்கிற சவத்தைக் கள்ளன் எண்டுறியோ?" அவன் எழும்பினான். "அப்ப நீயே வை கொள்ளியை. நான் போறன்."

உள்ளே ஒப்பாரி நின்றது. அம்மா வாசலில் வந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். பரமலிங்கம் மருமகளை அடிக்கப்போவதுபோல ஓரடி வைத்தார்.

"நீ போகமாட்டாய், அண்ணை," என்றாள் அருந்ததி. குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது. "நேற்று ட்ரக்டர் கேட்டு நாலு வளவு ஓடினது நீதான். செருப்பும் இல்லாமல்."

அவன் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தான். ஒரு காலைச் சாக்கின் மேல் வைத்தான். அவள் குனிந்து சாக்கைப் பிடித்தாள். கால் அசையவில்லை. அவள் இழுத்தாள். இரண்டாம் முறை இழுத்தபோது கால் விலகியிருந்தது.

"எங்கையடி போறாய்? சவம் எடுக்கப் போகினம்!" என்றாள் அம்மா.

"சுடலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டியள்தானே, அம்மா. வாசல் படலையடியிலை விழுந்து கத்த மற்றவை இருக்கினம்." சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நிறைகுடத்தின் கனம். "கிறகோரி அண்ணை, கொட்டில் திறப்பு?"

"கொட்டிலுக்கு ஏது பிள்ளை பூட்டு," என்றார் அவர். பிறகு, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல, "நட்டுகள் சிகரட் ரின்னுக்கை கிடக்கு. ஒழுங்காய் எண்ணி வைச்சிருக்கிறன். எரிச்சுப்போட்டு வாறன்."

பறை காய்ச்சிக்கொண்டிருந்தவர் காலை மடக்கி வழிவிட்டார். வெள்ளைச் சேலையில் கறுப்பு எண்ணெய் ஊறி இறங்கியது. பின்னால் பெண்கள் மறுபடி தொடங்கினார்கள். வாய்க்கால் கட்டில் ஏறும்போது சாக்கு வழுகியது. அவள் நின்று, மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சந்திப் பக்கமாக நடந்தாள்.