காபி வறுபடுவதற்குள் திறந்த கணினி

கணினி அறையின் வாசலிலேயே ஒரு சிமெண்ட் மூட்டையை இறக்கி வைத்திருந்தார் தலைமையாசிரியர் கெபயெஹு. கணினி ஆசிரியை ஹிருத் அதைத் தாண்டித்தான் உள்ளே போனாள். வேண்டுமென்றே செய்த வேலை என்று அவளுக்குத் தெரியும்.

"நாளைக்கு அந்தப் பயிற்சித் தேர்வு திறந்தா ரூம் உனக்கு. இல்லைன்னா மூட்டைக்கு. பெட்டியெல்லாம் காயலான் கடைக்கு," என்று நேற்றே சொல்லிவிட்டார்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு இனிக் கணினியில்தான். இந்த அறை போனால் இங்குள்ள பெண்கள் தேர்வன்றுதான் முதல்முதலாக மவுஸைத் தொடுவார்கள். அது எப்படியிருக்கும் என்று ஹிருத்துக்குத் தெரியும். அவள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். முதல் வகுப்பில் மவுஸைக் கையில் தூக்கித் திரைக்கு நேரே காட்டினாள். தலைநகர் அடிஸ் அபாபா பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

கணினிப் பெட்டிகள் எல்லாம் யாரோ வெளிநாட்டுக்காரர்கள் வேண்டாமென்று அனுப்பியவை. விண்டோஸ் திறப்பதற்குள் பக்கத்து அறையில் ஆசிரியர்களுக்குக் காபி போடும் ஸெனெபெச் கொட்டையை வறுத்து, இடித்து, வழக்கமான மூன்று சுற்றுக் காபியும் ஊற்றி முடித்துவிடுவாள். புது விண்டோஸோ இந்தப் பெட்டிகளில் ஏறவே மாட்டேன் என்றது. அதனால்தான் ஹிருத் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளைப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுப் பார்த்தாள். முதலாவது கல்யாணப் பெண் மாதிரி ஜொலித்தது. பெட்டிக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது வெறும் கறுப்புத் திரை, பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். மூன்றாவதில் அழகும் இல்லை, அலட்டலும் இல்லை. கொட்டை வறுபடுவதற்குள் திறந்துவிட்டது. அதையே எல்லாவற்றிலும் ஏற்றினாள். உள்ளே இருந்த பொத்தான் பேட்டரிகள் செத்திருந்ததால் மின்சாரம் போய் வந்தபோதெல்லாம் பெட்டிகள் தேதி கேட்டன. இன்று காலையும் கேட்டன. தேதியை அடித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

தலைமையாசிரியர் வந்து நின்றார். ஹிருத் இணையத்தில் தேர்வுப் பக்கத்தைத் தட்டினாள். 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றது திரை. அடுத்த பெட்டியிலும் அதே. அவள் கைப்பேசியில் மட்டும் பக்கம் ஜம்மென்று திறந்தது.

"ஓசியில வந்தது ஓசி மாதிரிதானேம்மா இருக்கும்," என்றார் கெபயெஹு.

"காசு குடுத்து வாங்கினது மட்டும் உங்களுக்கு என்ன கிழிச்சுது சார்?"

இயற்பியல் ஆசிரியர் தாதெலே காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். அடுத்தவர் அவஸ்தையை ரசிக்க அவருக்கு அழைப்பு தேவையில்லை. திரையின் மூலையைப் பார்த்துச் சிரித்தார்.

"அட, பெட்டி சுத்த ஹபெஷாவா, நம்ம நாட்டுக்காரனாவே மாறிடுச்சே! 2018-ன்னு காட்டுது. வெள்ளைக்காரனுக்கு 2025 ஹிருத்து. ஞானஸ்நானம் குடுத்துட்டியா?"

சுருக்கென்று பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

காலையில் பெட்டி தேதி கேட்டபோது, காய்கறிக்காரி கேட்டால் சொல்வதைப் போல, வெள்ளைக்காரன் கணக்குக்கு ஏழெட்டு வருடம் பிந்தி ஓடும் நம்ம நாட்காட்டியின் வருடத்தையே போட்டிருக்கிறாள். இணையம் அந்த வருடத்தில் இல்லை. அது தருகிற பாதுகாப்புச் சான்று, பெட்டியின் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை!

"தாதெலே, வாழ்க்கையில முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொன்னீங்க," என்று சொல்லிக்கொண்டே வருடத்தை மாற்றினாள்.

பக்கம் திறந்தது.

"என்னம்மா பண்ணுன?"

"பெட்டி மேல தப்பில்ல சார். தேதிய நான்தான் தப்பாப் போட்டேன். புதுப் பேட்டரி வாங்கிக் குடுங்க, இனிமே கேக்காது. போறப்ப அந்த மூட்டையையும் எடுக்கச் சொல்லுங்க. பிள்ளைங்க தடுக்கி விழும்."

அவர் கேள்விகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்க் காவலாளியைக் கூப்பிட்டார்.

பக்கத்து அறையில் அடுத்த காபிக்கான கொட்டை இப்போதுதான் வெடிக்கத் தொடங்கியிருந்தது. பெண்கள் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி மவுஸைத் தூக்கித் திரைக்கு நேரே காட்டினாள். யாரோ களுக்கென்றார்கள்.

"சிரிக்கிறவ வெளிய போ," என்றாள் ஹிருத். பிறகு அந்தக் கையைப் பிடித்து மெல்ல மேஜைமேல் இறக்கினாள். "இங்க வச்சு நகர்த்து. கடிக்காது."