தவநாயகியின் பெயரில்

சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு நகுலேஸ்வரியின் வலக்கையிலிருந்து சீப்பு விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை அவள் குனியவில்லை. கண்ணாடியின் முன்னால் நின்று, தன் கையை யாரோ இரவல் தந்த பொருளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறை வாசலில் நின்ற தங்கை தவநாயகி கண்ணாடியில் அக்காவின் முகத்தைக் கண்டாள். வாயின் வலப்பக்கம் தாழ்ந்திருந்தது.

"அக்கா, என்னைப் பார்த்துச் சிரி."

"காலங்காத்தால என்னடி சிரிப்பு?" சொற்கள் வாய்க்குள் மாவாகக் குழைந்தன.

தவநாயகியின் கணவர் இராஜேந்திரன் ஃபோனை எடுத்தார். "மச்சாள், நான் ஆம்புலன்சுக்கு அடிக்கிறன்."

"வேண்டாம் தம்பி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா இந்த வீட்டை வித்தாலும் காணாது. கை விறைச்சிருக்கு, அவ்வளவுதான்."

நகுலேஸ்வரி தங்கையின் கடைசி மகளின் கல்யாணத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்தவள். ஒரு மாதத்துக்குத்தான் பயணக் காப்புறுதி எடுத்திருந்தாள். கல்யாணம் முடிந்தபின் இவர்கள் மறித்து வைத்து, இது மூன்றாம் மாதம். புதிய காப்புறுதியைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆனால் லண்டனின் இன்னொரு மூலையிலிருந்த எட்மண்டன்காரர் ஒருவரின் மாமனார் கதை மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. விசிட் விசாவில் வந்தவர், நெஞ்சுநோவென்று ஒன்பது நாள் வார்டில் கிடந்தார். பில் வந்தது. கட்டாததால் அடுத்த முறை விசா மறுத்துவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் அந்தக் கதை இலைக்கு இலை போனபோது, பில் தொகையும் இலைக்கு இலை ஏறியது.

"அந்த வோக்-இன் கிளினிக்குக்குப் போவம்" என்றாள் நகுலேஸ்வரி. "சின்ன இடம். அங்க ஆர் எவர் எண்டு கேக்க மாட்டினம் எண்டு நீதானே சொன்னனி."

தவநாயகி அப்படிச் சொன்னது உண்மை. பேரனுக்குக் காதுவலி வந்து அங்கே கொண்டுபோனபோது சொன்னது. இராஜேந்திரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது நிமிடம் தர்க்கித்தும் வெல்லாதவர், கடைசியில் கார்ச் சாவியை எடுத்தார்.

கார் புறப்பட்டது. இரண்டு சிக்னல் கடந்தபின் பின்சீட்டிலிருந்து நகுலேஸ்வரி சொன்னாள்: "உன்ர பேரைக் குடு."

தவநாயகிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது: இந்த நாட்டுப் பிரஜையான அவளுக்கு வைத்தியம் இலவசம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அண்டைக்கு என்ர பேரில நீ போனாய். இண்டைக்கு உன்ர பேரில நான் போறன். அதில என்ன?"

அதில் என்னவென்று தவநாயகிக்கும் தெரியவில்லை. தொண்ணூற்றாறில், போர்க்காலத்தில், வவுனியாவைத் தாண்டித் தெற்கே போக அவளுக்கு இராணுவத்தின் பாஸ் கிடைக்கவில்லை. தபால் கந்தோரில் வேலை செய்த அக்காவுக்குக் கிடைத்தது. ஒன்றரை வயது வித்தியாசம், ஒரே நெற்றி, ஒரே மூக்கு. அக்காவின் அடையாள அட்டையைக் காட்டி, அக்காவின் பிறந்த திகதியைத் தடுமாறாமல் சொல்லி, அவள் சோதனைச் சாவடியைக் கடந்தாள். அட்டை தொலைந்துவிட்டதென்று சொல்லப் போன அக்காவை இராணுவ முகாமில் ஒரு நாள் முழுக்க இருத்தி வைத்தார்கள். அந்த நாளைப் பற்றி அக்கா இன்றுவரை வாய் திறந்ததில்லை. தவநாயகியும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதே ஒரு கடனைப்போல இருவருக்கும் நடுவில் கிடந்தது.

கிளினிக் கவுண்டரில் இருந்த பெண் பெயர் கேட்டபோது, தவநாயகி தன் பெயரைச் சொன்னாள். தன் பிறந்த திகதியையும் சொன்னாள். என்ன வருத்தம் என்று கேட்டதற்கு, "கை விறைப்பு" என்றாள். வாய் கோணியதைச் சொல்லவில்லை. சொன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

முப்பத்தைந்து நிமிடம் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்கள். கூப்பிட்ட தாதி நகுலேஸ்வரியைச் சிரிக்கச் சொன்னாள், இரண்டு கைகளையும் உயர்த்தச் சொன்னாள். இடக்கை நின்றது, வலக்கை மெல்லச் சரிந்து மடியில் விழுந்தது. அதற்குமேல் தாதி எதையும் பார்க்கவில்லை. ஆம்புலன்சுக்கு அடித்துவிட்டுத் தவநாயகி பக்கம் திரும்பி, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டாள். பத்தே முக்கால் என்றதும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டாக நான்கு நிமிடம். நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டாள். ஏசியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தவநாயகி நினைத்தாள்.

ஆம்புலன்சில் அக்காவோடு அந்தப் பெயரும் ஏறியது. பெரிய ஆஸ்பத்திரியில் அது ஒரு பட்டியாக அக்காவின் மணிக்கட்டில் சுற்றப்பட்டது. ஸ்கேனுக்குள் போய் வந்தது. இராஜேந்திரன் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார்.

பக்கவாத மருத்துவர் பிரீத்தா தமிழ்நாட்டுக்காரர். வயது நாற்பதுக்குள் இருக்கும். வந்த வேகத்திலேயே பேசத் தொடங்கினார்.

"ஸ்கேன்ல ரத்தக் கசிவு இல்ல. மூளைக்குப் போற குழாய்ல அடைப்பு. கரைக்கிறதுக்கு ஊசி இருக்கு, நேரமும் இருக்கு. ஆனா தவநாயகி அம்மா, ரெக்கார்டுல நீங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறதா இருக்கே. இதயத் துடிப்புக்கு. மூணு வருஷமா. இன்னைக்குக் காலைல போட்டீங்களா?"

நகுலேஸ்வரி தங்கையைப் பார்த்தாள்.

"போட்டிருந்தா?" என்று தவநாயகி கேட்டாள்.

"அந்த ஊசி குடுக்க முடியாது. மூளைக்குள்ளயே ரத்தம் கொட்டிடும்."

அந்தக் குளிசையைத் தவநாயகி காலையில் தேநீரோடு விழுங்கியிருந்தாள்.

இல்லை என்றொரு சொல் நாக்கு நுனிக்கு வந்தது. இரண்டு நாளாகப் போடவில்லை, இவ மறந்துபோனா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஊசியும் கிடைக்கும், பெயரும் நிற்கும், பில்லும் வராது. எவ்வளவு இலகு! வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அக்கா என்னென்ன குளிசை போடுகிறாள்? போன வருஷம் வயிற்றுப் புண்ணுக்கு யாழ்ப்பாணத்தில் படுத்திருந்தாளே, அதை இவர்கள் எந்தப் பக்கத்தில் வாசிப்பார்கள்? கட்டிலில் கிடப்பது அக்காவின் உடம்பு, ஏட்டில் இருப்பது தன்னுடைய வியாதிகள். சோதனைச் சாவடியில் சிப்பாய் முகத்தைத்தான் பார்த்தான். இவர்கள் இரத்தத்தைப் பார்க்கிறார்கள்.

நகுலேஸ்வரியின் இடக்கை அவளுடைய விரல்களைப் பிடித்து இறுக்கியது. சொல்லாதே என்று தலை அசைந்தது.

மருத்துவர் காத்திருந்தார். இயந்திரம் ஒன்று ஒரே தாளத்தில் சத்தமிட்டது. அக்கா முகாமில் இருந்த அந்த முழுநாள் தவநாயகிக்கு ஞாபகம் வந்தது.

"டொக்டர், இவ தவநாயகி இல்லை. தவநாயகி நான்."

பிரீத்தாவின் பேனா நின்றது. ஒரு கணம்தான்.

"சரி. இவங்க பேரு?"

"நகுலேஸ்வரி. என்ர அக்கா. விசிட் விசா. இன்சூரன்ஸ் முடிஞ்சுது. காசுக்குப் பயந்து..."

"அது அப்புறம். சுகர், பிரஷர்? என்ன மாத்திரை? எப்பவாவது ரத்த வாந்தி, ஆபரேஷன்?"

வயிற்றுப் புண்ணைச் சொன்னாள். இரத்தம் போனதா, எந்த மாதம் என்று குடைந்து குடைந்து கேட்டார். போகவில்லை, வெறும் புண்தான், பத்து மாதமிருக்கும். மருத்துவர் திரைக்கு அப்பால் யாரிடமோ வேகமாகப் பேசினார். பெயர்ப் பட்டி வெட்டப்பட்டது, புதியது வந்தது. ஊசி ஏறியது.

"எடி விசரி," என்றாள் நகுலேஸ்வரி, குழைந்த குரலில்.

"ஓம்," என்றாள் தவநாயகி.

ஊசி ஏறியபின்தான் பிரீத்தா உட்கார்ந்தார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க முதல்ல போன கிளினிக்லயும் காசு கிடையாது, எமர்ஜென்சிலயும் கிடையாது. யார் வந்தாலும் பாப்பாங்க. வார்டுல சேத்ததுக்கு அப்புறம்தான் பில். அது பெருசாதான் வரும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா உயிர் போற விஷயத்துல பணத்தைக் காட்டி யாரும் வைத்தியத்தை நிறுத்த மாட்டாங்க. ஒரு மணி நேரத்தை எதுக்கு வீணாக்கினீங்க?"

தவநாயகியிடம் பதில் இருந்தது. தொண்ணூற்றாறிலிருந்து தொடங்க வேண்டும். அக்காவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

பில் வந்தது. கல்யாணப் பந்தியில் கேட்ட தொகையளவு இல்லை. என்றாலும் இராஜேந்திரன் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மாதாமாதம் கட்டலாமாம், கேட்டிட்டன். கட்டுவம். மச்சாளுக்குத் திரும்ப விசா வேணுமெல்லே," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெயரைத் திருத்துவதுதான் பெரும்பாடாகப் போனது. கிளினிக்கின் ஏட்டில் பக்கவாதம் வந்தவள் தவநாயகியாகவே இருந்தாள். ஒரு மாதம் கார் ஓட்டக்கூடாது என்று அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. உண்மையை எழுதி, மன்னிப்புக் கேட்டு, கையெழுத்திட்டு அனுப்பினாள். 

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் காலை பிரீத்தா வார்டுக்கு வந்தார். தினமும் கேட்கும் கேள்விகள்தான்.

"உங்க பேரு?"

நகுலேஸ்வரி உதடுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டாள். ஒவ்வோர் எழுத்தாகத் தூக்கி வைத்தாள். "ந-கு-லேஸ்-வரி."

"இவங்க யாரு?"

அவள் கட்டிலருகே இருந்த தங்கையை நெடுநேரம் பார்த்தாள். சொல் வரவில்லையோ என்று தவநாயகி பயந்தாள். மருத்துவரும் அவசரப்படுத்தவில்லை.

"என்ர தங்கச்சி. பொய் சொல்லத் தெரியாதவ."

பிரீத்தா சிரித்தார். "நல்லதாப் போச்சு. வலது கையால என் விரலப் பிடிங்க."

பிடி வலுவில்லாமல்தான் இருந்தது. ஆனால் மருத்துவர் விரலை இழுத்தபோது, அது உடனே நழுவவில்லை.

அவர் போனார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. காலை உணவுத் தட்டு வந்தது, ஆறியது.

"அக்கா," என்றாள் தவநாயகி, "அண்டைக்கு அந்த முகாமில உன்னை என்ன கேட்டவங்கள்?"

நகுலேஸ்வரி தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினாள். தங்கை காத்திருந்தாள்.

"கதிரையை இஞ்சால இழு," என்றாள் அக்கா. "மெல்ல மெல்லத்தான் சொல்லேலும்."