நாற்பத்திரண்டு கையெழுத்துக்கு மேலே ஒரு பிஸீச்

வின்சன்ட்டிடம் ஒரு கோட்டும் ஓர் ஆங்கில வினைச்சொல்லும் இருந்தன. கல்யாணங்களுக்குக் கோட்டையும், கடிதங்களுக்கு ‘பிஸீச்’ என்ற அந்தச் சொல்லையும் எடுத்துப் போடுவார். இரண்டையும் இப்போது யாரும் போடுவதில்லை. அதனாலேயே அவருக்கு அவற்றில் பெருமை. கண்டியில் ஒரு கடை விறாந்தையில் மேசை போட்டு, முப்பது வருஷமாக ஊராருக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுகிறார்.

போன வாரம் எழுதிக் கொடுத்த மனுவோடு கலாராணி திரும்பி வந்திருந்தாள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. பல்லேகலயில் தையல் வேலை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு, தோட்டத்து மேனேஜரான தொரைக்கு எழுதிய மனு. நாற்பத்திரண்டு வீடும் கையெழுத்துப் போட்டாயிற்று.

“ஐயா, இந்தச் சொல்லுக்கு என்னா அர்த்தம்?” விரல் பிஸீச்சின் மேல் இருந்தது.

“கேக்குறதும்மா. பழைய காலத்து மரியாதை.”

“சும்மா கேக்குறதா?”

“கொஞ்சம் பணிவா.”

“எம்புட்டுப் பணிவா?”

அவள் போனை நீட்டினாள். ‘கெஞ்சி மன்றாடு’ என்றிருந்தது. வின்சன்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அப்போதும் அதுவேதான் இருந்தது.

“நாங்க கெஞ்சலய்யா. போன வருஷம் கூட்டத்துல குழாய் தர்றேன்னு தொரையே சொன்னாரு. சொன்னதக் கேக்குறோம், அம்புட்டுத்தான். எங்கம்மா இத என்னான்னுகூடக் கேக்காம கையெழுத்துப் போட்டுச்சு. நீங்க எழுதினதாச்சேன்னு.”

கடைசி வார்த்தைதான் தைத்தது. முப்பது வருஷமாக எத்தனை பேரை அவர்களுக்கே தெரியாமல் முட்டி போட வைத்திருக்கிறார்! அவர் மட்டும் கதிரையில் உட்கார்ந்துகொண்டு.

புதுத் தாள் எடுத்து, ‘கேட்கிறோம்’ என்பதற்கான மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை எழுதினார். கோட்டில்லாமல் சபைக்கு வந்ததுபோல் அது நின்றது. ஆனால் நிமிர்ந்து நின்றது.

“மறுபடி நாப்பத்திரண்டு வீடா?” கலாராணி பெருமூச்சு விட்டாள். “என்னான்னு சொல்றது?”

“நீ சொல்லாதம்மா. நான் வர்றேன்.”

“ஏத்தமய்யா. மூச்சு வாங்கும்.”

“வாங்கட்டும்.”

பஸ்ஸிலும் ஏற்றத்திலும், எப்படிச் சொல்வதென்று மனசுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டே போனார். முதல் வீட்டில் கலாராணியின் அம்மா ரத்தினம்மா கதவைத் திறந்து, “அடடே, ஐயாவா! வாங்க” என்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

“தப்பா எழுதிட்டேன்மா. உங்களக் கேக்காம, உங்க பேருல கெஞ்சிட்டேன்.”

ரத்தினம்மா மகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “சரி, வேற தாள் குடுங்க. மொதல்ல உக்காருங்க, தேத்தண்ணி போடுறேன்.”

மூலையில் ஒரே ஒரு வாளி. பள்ளத்தில் ஊற்று வடியும் பீலியிலிருந்து அவள் காலையில் சுமந்து வந்த தண்ணீர். அதிலிருந்து அவருக்காக ஒரு கோப்பை மொண்டாள்.

தேத்தண்ணி வருமுன், வின்சன்ட் புதுத் தாளை வரி வரியாகத் தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டினார்.